மலத்தில் இரத்தம்: மூலமா, வேறொன்றா?

காஞ்சிபுரத்தின் நெசவாளர் தெரு ஒன்றில் நடந்து பாருங்கள். தரையில் வெட்டிய குழிக்குள் கால்களை விட்டு, மிதிகளை மாற்றி மாற்றி மிதித்தபடி, நெசவாளர் மணிக்கணக்கில் ஒரே இருப்பாகத் தறியில் அமர்ந்திருப்பார். அவருக்கு ஒருநாள் மலத்தோடு இரத்தம் தென்பட்டால் என்ன நினைப்பார்? 'உட்கார்ந்தே இருப்பதால் வந்த மூலச்சூடு' என்று தாமே முடிவு செய்வார். மோரும் கீரையும் உண்டு நாளைக் கடத்துவார். மருத்துவரிடம் போனால் ஒருநாள் கூலி போகும், சொல்லவும் வெட்கம். தறிக்காரர் மட்டுமல்லர், நம்மில் பலரும் இப்படித்தான்.

இம்முடிவு பல வேளைகளில் சரியாகவே இருக்கும். தவறும் வேளைதான் உயிருக்கு உலை வைக்கும். அதைப் பிரித்தறிய மனிதன் பட்ட பாடு ஒரு நீண்ட வரலாறு.

மூலநோய் மிகப் பழையது. நம் நாட்டின் சுசுருத சம்ஹிதை இதற்கு நான்கு வழிகளைக் கூறுகிறது: மருந்து, காரம், சூட்டுக்கோல், கத்தி. உள்ளே பார்ப்பதற்கென ஒரு கருவியையும் அந்நூல் வருணிக்கிறது. பசுவின் காம்பு போன்ற வடிவில், நான்கு விரல் நீளமுள்ள குழல் அது. இரும்பு, தந்தம், கொம்பு, மரம் இவற்றால் செய்யப்பட்டது. கிரேக்க நாட்டு மருத்துவரும் பழுக்கக் காய்ச்சிய இரும்பால் மூலத்தைச் சுட்டனர்.

ஆனால் நான்கு விரல் நீளத்துக்கு அப்பால்? பெருங்குடல் ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் நீளம்; வளைவும் நெளிவும் மிக்கது; உள்ளே காரிருள். 1806-இல் ஜெர்மானிய மருத்துவர் பிலிப் பொட்சினி மெழுகுவர்த்தியும் கண்ணாடியும் பொருத்திய குழல் ஒன்றைச் செய்தார். ஒளி உள்ளே போயிற்று. ஆனால் நேரான குழல் வளைவில் திரும்புமா?

ஒளியையே வளைத்துச் செல்லும் வழி 20-ஆம் நூற்றாண்டில் கிடைத்தது. 1954-இல் லண்டனில் ஹாப்கின்சும், பஞ்சாபில் பிறந்த நரிந்தர் சிங் கபானியும், மெல்லிய கண்ணாடி இழைகளின் கற்றை வழியே உருவத்தைச் செலுத்திக் காட்டினர். நெசவாளர் பாவின் இழைகளை வரிசை மாறாமல் வைப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். கண்ணாடி இழைகளும் இரு முனைகளிலும் ஒரே வரிசையில் இருந்தால்தான் உருவம் சிதையாது. 1957-இல் அமெரிக்காவில் ஹிர்ஷோவிட்ஸ் இத்தகைய கருவியால் இரைப்பையைப் பார்த்தார். 1969-இல் நியூயார்க்கில் உல்ஃப், ஷின்யா என்னும் இரு மருத்துவர்கள், வயிற்றைக் கிழிக்காமலே, பெருங்குடலில் முளைத்த சதை மொட்டைக் கம்பிச் சுருக்கினால் அறுத்தெடுத்தனர்.

இது ஏன் பெரிய செய்தி? பெருங்குடற் புற்றுநோய்களில் பெரும்பாலானவை இத்தகைய மொட்டிலிருந்தே தோன்றுகின்றன. மொட்டு புற்றாக மாறப் பொதுவாகப் பத்தாண்டுகள் அளவில் ஆகும். அதற்குள் அகற்றினால் அந்த மொட்டிலிருந்து நோய் வராது. அந்த மொட்டு சில வேளை விடுக்கும் ஒரே எச்சரிக்கை சிறிது இரத்தம்தான்.

அதே 1969-ஆம் ஆண்டைக் காஞ்சி மறக்காது. இந்நகரில் நெசவாளர் குடும்பத்தில் பிறந்த அறிஞர் அண்ணா, உணவுக்குழாய்ப் புற்றுநோயால் பிப்ரவரி 3-ஆம் நாள் மறைந்தார். அவ்வாண்டே அவர் நினைவாகக் காஞ்சியில் அரசு புற்றுநோய் மருத்துவமனை தோன்றியது. காரப்பேட்டையில் அது இன்றும் இயங்குகிறது. உணவுக்குழாயும் மலக்குடலும் ஒரே பாதையின் இரு முனைகள். தறிகள் நிறைந்த ஊரிலேயே மருத்துவம் கிடைக்கும்போது வெட்கம் தடையாகலாமா?

இனி, நீங்கள் கவனிக்க வேண்டியவை. மலம் கழித்த பின் பளிச்சென்ற சிவப்பு இரத்தம் சொட்டினால் அது மூலமாக இருக்கலாம். கத்தியால் கீறினாற்போன்ற வலியும் சேர்ந்தால் ஆசனவாய் வெடிப்பாக இருக்கலாம். மலச்சிக்கலும் முக்குதலுமே இவற்றுக்கு முக்கியக் காரணங்கள்; நீரும் நார்ச்சத்தும் உதவும். ஆயினும், இரத்தம் ஒருமுறைக்கு மேல் தென்பட்டால் மருத்துவரிடம் காட்டுங்கள். விரலால் அவர் செய்யும் சில நொடிச் சோதனையே பல ஐயங்களைத் தீர்க்கும்.

இரத்தம் மலத்தோடு கலந்து வருதல், மலம் கழிக்கும் வழக்கம் சில வாரங்களாக மாறியிருத்தல், உடல் மெலிதல், சோகை, குடும்பத்தில் குடற்புற்று இருத்தல், வயது நாற்பதைக் கடந்திருத்தல் - இவற்றில் ஒன்று இருந்தாலும் தாமதம் கூடாது. தார் போன்ற கருமலம், இரைப்பை போன்ற மேற்பகுதியில் இரத்தம் கசிவதன் அடையாளம். இரும்புச்சத்து மாத்திரையும் மலத்தைக் கறுப்பாக்கும், பீட்ரூட் சிவப்பாக்கும். எதுவென்று மருத்துவர் சொல்லட்டும். இரத்தம் மிகுதியாகப் போனாலோ, தலை சுற்றி மயக்கம் வந்தாலோ, கருமலம் கண்டாலோ, அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

'மூலம், பவுத்திரம்' என்று எழுதிய சுவர் விளம்பரங்களை எந்த ஊரிலும் காணலாம். உள்ளே பார்க்காமல் மருந்து தருபவர், மூலத்தோடு புற்றும் இருந்தால் அதை அறியமாட்டார். மூலம் உள்ளவருக்குப் புற்று வராது என்ற விதியும் இல்லை.

பாவில் ஓர் இழை அறுந்தால் நெசவாளர் உடனே தறியை நிறுத்தி முடிச்சிடுகிறார். நெய்து முடித்த பின் பார்த்துக்கொள்ளலாம் என்று விடுவதில்லை. தம் உடலுக்கும் அவர் அதையே செய்யலாம்; நீங்களும் செய்யலாம்.