மதிப்பீட்டின் மறைவும் வெளிப்படையும்: அமெரிக்கத் தேசியத் தொழில்நுட்பப் பதக்கக் குழுவை முன்வைத்து

முன்னுரை

ஒரு நாட்டின் உயரிய தொழில்நுட்ப விருதை யார் பெற்றார் என்பது செய்தியாகிறது. அவர் எவ்வாறு தேர்ந்தெடுக்கப்பட்டார் என்பது பெரும்பாலும் ஆராயப்படுவதில்லை. ஆனால் அரசு விருது பொது அதிகாரத்தின் பெயரால் வழங்கப்படுவது. எத்தகைய உழைப்பை நாடு போற்றுகிறது என்பதை அடுத்த தலைமுறைக்கு அறிவிப்பது. ஆகவே, தேர்வு முறையும் ஆய்வுக்குரியதே. அமெரிக்காவின் தேசியத் தொழில்நுட்ப, புத்தாக்கப் பதக்கத்தின் மதிப்பீட்டுக் குழுவை முதன்மைச் சான்றாகவும், இந்தியாவின் ராஷ்டிரிய விஞ்ஞான் புரஸ்காரை ஒப்பீட்டுச் சான்றாகவும் கொண்டு இக்கட்டுரை ஒரு கருத்தை நிறுவ முயல்கிறது: மதிப்பீட்டில் மறைகாப்பு தேவை; ஆனால் அது முன்மொழியப்பட்டவரின் மதிப்பைக் காப்பதற்கு மட்டுமே உரியது. இறுதி முடிவெடுக்கும் அதிகாரம் அதில் மறைந்துகொள்ள இடமளிக்கக் கூடாது.

சட்டம் தந்த அளவுகோல்

அமெரிக்க நாடாளுமன்றம் 1980-இல் இயற்றிய ஸ்டீவன்சன்–வைட்லர் தொழில்நுட்பப் புத்தாக்கச் சட்டத்தின் வழி இப்பதக்கம் உருவானது. 1985-இல் அதிபர் ரீகன் முதன்முறையாக வழங்கினார். ஸ்டீவ் ஜாப்ஸ், ஸ்டீவ் வோஸ்னியாக் ஆகியோரும் பெல் ஆய்வகமும் அந்த முதல் பட்டியலில் இடம்பெற்றனர். 2007-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று பெயரில் ‘புத்தாக்கம்’ என்பதைச் சேர்த்தது. இப்போது வணிக அமைச்சகத்தின்கீழ் இயங்கும் காப்புரிமை, வணிகச்சின்ன அலுவலகம் இதை நிருவகிக்கிறது.

நாட்டின் பொருளாதார, சுற்றுச்சூழல், சமூக நலனை மேம்படுத்தும் வகையில் தொழில்நுட்பத்துக்கோ தொழில்நுட்ப மனித ஆற்றலுக்கோ சிறந்த பங்களிப்பு செய்திருக்க வேண்டும் என்பதே சட்டத்தின் அளவுகோல். 1959-இல் தோற்றுவிக்கப்பட்ட தேசிய அறிவியல் பதக்கத்திலிருந்து இது வேறுபடும் இடம் இங்கேதான் உள்ளது. அறிவியல் பதக்கம் அறிவின் வளர்ச்சியை எடைபோடுகிறது. தொழில்நுட்பப் பதக்கமோ அந்த அறிவு மக்கள் வாழ்வில் என்ன செய்தது என்று கேட்கிறது. புதுமை மட்டும் போதாது, விளைவு வேண்டும்.

இந்த அளவுகோல் நேர்மையானது. ஆனால் குழுவின் வேலையை இது எளிதாக்குவதில்லை. 2023-இல் பதக்கம் பெற்ற அசோக் காட்கிலின் பணியைப் பார்ப்போம். 1992-இல் சென்னையில் தலைகாட்டி வங்கம்வரை பரவிய புதுவகைக் காலராவின் கொடுமை, புற ஊதா ஒளியால் குடிநீரைக் குறைந்த செலவில் தூய்மையாக்கும் கருவியை உருவாக்க அவரைத் தூண்டியது. அதன் பயனை விற்பனைக் கணக்கால் அளக்க முடியாது. நுண்செயலியின் பயனோ ஒரு தொழில்துறையின் அளவிலேயே தெரிகிறது. இரண்டையும் ஒரே மதிப்பெண் பட்டியலில் வைத்துக் கூட்டினால், எளிதில் எண்ணக்கூடியது வென்றுவிடும். எனவே ஒவ்வொரு முன்மொழிவும் சட்டம் சொல்லும் மூன்று நலன்களில் எதன் அடிப்படையில் தகுதி பெறுகிறது என்பதைக் குழு எழுத்தில் காரணத்தோடு பதிவு செய்வதே முறையான மதிப்பீடாகும். மதிப்பெண் அதற்குத் துணையாக இருக்கலாம்; அதன் இடத்தைப் பிடிக்கக் கூடாது.

முன்மொழிவே சான்றாகும்போது

குழு தன்முன் வைக்கப்படும் முன்மொழிவுகளையும் அவற்றுடன் வரும் ஆதரவுக் கடிதங்களையும் கொண்டே தீர்ப்பளிக்கிறது. முன்மொழியப்படாதவர் எத்துணைத் தகுதியுடையவராயினும் அந்த மேசைக்கு வருவதில்லை. பெரிய நிறுவனத்துக்கு முன்மொழிவைத் திறம்பட எழுதித் தர ஆள்கள் உண்டு. தனித்து உழைக்கும் பொறியாளருக்கு இல்லை. ஆகவே, முதல் சாய்வு மதிப்பீட்டுக்கு முன்பே நுழைந்துவிடுகிறது. உறுப்பினர்களின் நேர்மை மட்டும் இதைச் சரிசெய்யாது. எந்தத் துறைகளிலிருந்து முன்மொழிவு வரவில்லை என்று ஆண்டுதோறும் பார்த்து, அத்துறைச் சங்கங்களை அணுகி முன்மொழிவு கோருவதும் குழுவின் கடமையாக வேண்டும்.

காலம் தரும் உறுதியும் இழப்பும்

விளைவை அளக்க வேண்டுமானால் காத்திருக்க வேண்டும். எவ்வளவு காலம்? ஆப்பிள் 2 கணினி 1977-இல் வெளிவந்தது. எட்டு ஆண்டுகளில் அதன் படைப்பாளிகள் பதக்கம் பெற்றனர். கணினிச் சுட்டெலியை உருவாக்கிய டக்ளஸ் எங்கல்பார்ட், 1968-இல் தம் புகழ்பெற்ற செயல்விளக்கத்தை நிகழ்த்தியவர். அவருக்கான பதக்கம் 2000-ஆம் ஆண்டுக்கு உரியது. ஸ்டீவன் சாசன் கோடாக் நிறுவனத்தில் 1975-இல் மின்னிலக்கக் கேமராவை உருவாக்கினார். அவருக்கு 2009-ஆம் ஆண்டுக்கான பதக்கம். 1950-களின் தொடக்கத்தில் கம்பைலர் உருவாக்கத்தில் முன்னோடியாக நின்ற கிரேஸ் ஹாப்பர் 1991-இல்தான் பெற்றார். தனிநபராக இப்பதக்கம் பெற்ற முதல் பெண் அவரே.

சந்தையில் உடனே விலைபோகும் பொருளின் விளைவு விரைவில் கண்ணுக்குத் தெரிகிறது. பிறர் கட்டிடம் எழுப்ப அடித்தளமாகும் பணியின் விளைவு தாமதித்தே தெரிகிறது. காலத்தாழ்வு மதிப்பீட்டுக்கு உறுதி தருகிறது என்பது உண்மை. ஆனால், அடித்தளப் பணி செய்தவரே அதிகம் காத்திருக்க நேர்வது நீதியாகாது. ஒரு பணியை எத்தனை பிற பணிகள் சார்ந்து எழுந்துள்ளன என்பதைத் தனிச் சான்றாக ஏற்றுக்கொண்டால், சந்தை வெற்றிக்காகக் காத்திருக்கும் கட்டாயம் குறையும்.

யாருடைய பணி?

தொழில்நுட்பம் பலர் கூடிச் செய்வது. இப்பதக்கத்தின் விதிகளோ, குழுவாக முன்மொழியப்படுவோர் நால்வருக்கு மேற்படலாகாது என்றும் அமெரிக்கக் குடிமக்களாக இருக்க வேண்டும் என்றும் வரையறுக்கின்றன. இதன் விளைவை 2009-ஆம் ஆண்டுக்கான பதக்கம் தெளிவாகக் காட்டுகிறது. 1971-இல் வெளிவந்த இன்டெல் 4004 நுண்செயலிக்காக டெட் ஹாஃப், ஃபெடரிகோ ஃபாகின், ஸ்டான்லி மேஸர் ஆகிய மூவரும் சிறப்பிக்கப்பட்டனர். அதன் வடிவமைப்பில் பங்கேற்ற ஜப்பானியரான மசதோஷி ஷிமா அப்பட்டியலில் இல்லை. ஆனால் 1997-ஆம் ஆண்டின் கியோட்டோ பரிசு நால்வரையும் ஒருசேரச் சிறப்பித்திருந்தது.

தன் குடிமக்களைப் பாராட்டும் உரிமை எந்த நாட்டுக்கும் உண்டு. ஆனால் விருதுப் பட்டியல்கள் காலப்போக்கில் வரலாற்று ஆவணங்களாகப் படிக்கப்படுகின்றன. தகுதி விதி விலக்கிய பெயரை வரலாறும் விலக்கிவிடும் ஆபத்து உண்டு. விதியை மாற்ற இயலாவிடினும், பாராட்டுரையில் உடன்பணியாற்றியோரைக் குறிப்பிடப் பரிந்துரைப்பது குழுவின் ஆற்றலுக்கு உட்பட்டதே.

மூடிய அறையும் அதற்கு அப்பாலும்

இம்மதிப்பீட்டுக் குழு, 1972-ஆம் ஆண்டின் கூட்டரசு ஆலோசனைக் குழுக்கள் சட்டத்துக்குக் கட்டுப்பட்டது. குழுவுக்குச் சாசனம் வேண்டும். கூட்ட அறிவிப்பு அரசிதழில் வர வேண்டும். உறுப்பினர்களிடையே சமநிலை வேண்டும். உறுப்பினர்களை வணிக அமைச்சர் நியமிக்கிறார். தேர்வுக் கூட்டங்களில் முழுமையாகப் பங்கேற்பதும் சுதந்திரமான மதிப்பீட்டின் மறைதன்மையைக் காப்பதும் அவர்கள் கடமை. முன்மொழியப்பட்டவர்களின் நிறைகுறைகளை ஒப்பிட்டுப் பேசும் கூட்டம் பொதுமக்களுக்கு மூடப்படுகிறது. தனிமனித உரிமையைக் காத்தல், முடிவு முன்கூட்டியே வெளியாகி நடைமுறை குலைவதைத் தவிர்த்தல் என இரண்டு காரணங்கள் சட்ட அடிப்படையோடு சொல்லப்படுகின்றன. இவை நியாயமானவை. தேர்வாகாத ஒருவரின் குறைகள் ஊரறியப் பேசப்படுவதால் யாருக்கும் நன்மை இல்லை.

ஆனால், குழு முடிவெடுப்பதில்லை, பரிந்துரைக்கிறது. பரிந்துரை அமைச்சரிடமும், அவர் வழியாக அதிபரிடமும் செல்கிறது. அதிபர் வேறு தகவல்களையும் கருதலாம் என்று சட்டமே இடமளிக்கிறது. குழுவின் அறையை மூடுவதற்குச் சொல்லப்பட்ட காரணங்கள் இந்த மேல்கட்டத்துக்குப் பொருந்துவதில்லை. எனினும் அங்கே நடப்பது இன்னும் குறைவாகவே வெளித்தெரிகிறது. 2016 மே மாத விழாவுக்குப் பின் 2023 அக்டோபர்வரை பதக்கம் வழங்கும் விழாவே நடைபெறவில்லை. வல்லுநர் மதிப்பீடு எவ்வளவு செம்மையாக இருப்பினும், மேல்கட்டத்துக்குக் காலவரையறையும் பொறுப்பும் இல்லையெனில் அது செயலற்றுப்போகும் என்பதற்கு இந்த ஏழாண்டு இடைவெளி சான்று.

இந்திய ஒப்பீடு

இந்திய அரசு பல விருதுகளைக் கலைத்து, 2023-இல் ராஷ்டிரிய விஞ்ஞான் புரஸ்காரை அறிவித்தது. விஞ்ஞான் ரத்னா, விஞ்ஞான் ஸ்ரீ, விஞ்ஞான் யுவா, விஞ்ஞான் குழு என்னும் நான்கு பிரிவுகள், 13 துறைகள், அவற்றுள் ஒன்று தொழில்நுட்பமும் புத்தாக்கமும். முதன்மை அறிவியல் ஆலோசகர் தலைமையிலான குழு மதிப்பிடுகிறது. இரண்டு கூறுகளில் இந்திய முறை மேலானது. வெளிநாடு வாழ் இந்திய வம்சாவளியினருக்கும் இது இடமளிக்கிறது. குழு விருதுக்கு மூவர் அல்லது அதற்கு மேற்பட்டோர் என்று தொடக்க எண்ணிக்கையை மட்டுமே வைக்கிறது. அதனால்தான் 2024-இல் சந்திரயான்-3 குழு முழுமையாகச் சிறப்பிக்கப்பட முடிந்தது. அதே ஆண்டில் உயிர்வேதியியல் அறிஞர் கோ. பத்மநாபன் முதல் விஞ்ஞான் ரத்னா விருதைப் பெற்றார்.

எனினும், 33 பெயர்கள் கொண்ட அந்தப் பட்டியல் வெளியானபின் நூற்றுக்கு மேற்பட்ட அறிவியலாளர்கள் தேர்வு முறையில் வெளிப்படைத்தன்மை கோரி முதன்மை அறிவியல் ஆலோசகருக்குக் கடிதம் எழுதினர். விருது பெற்றவர்களின் தகுதியை அவர்கள் கேள்விக்குட்படுத்தவில்லை. வல்லுநர் குழுவின் பரிந்துரை அப்படியே ஏற்கப்பட்டதா என்பதே அவர்களின் வினா. அமெரிக்க முறையில் எழும் வினாவும் இதுவே.

முடிவுரை

இரண்டு நாடுகளின் அனுபவமும் ஒரே திசையைக் காட்டுகிறது. முன்மொழியப்பட்டோரின் பெயர்களும் அவர்களைப் பற்றிய விவாதமும் மறைவாகவே இருக்கட்டும். அளவுகோல், உறுப்பினர் பட்டியல், நலமுரண் காரணமாக விலகியோரின் எண்ணிக்கை, துறைவாரியாக வந்த முன்மொழிவுகளின் எண்ணிக்கை ஆகியவை ஆண்டுதோறும் வெளியிடப்பட வேண்டும். குழுவின் பரிந்துரையிலிருந்து மேல் அதிகாரம் விலகினால், காரணத்தைக் குழுவுக்கு எழுத்தில் தர வேண்டும். எத்தனை இடங்களில் விலகியது என்பதைப் பெயர் குறிப்பிடாமல் பொதுமக்களுக்கு அறிவிக்க வேண்டும். பரிந்துரை கிடைத்தபின் முடிவெடுக்கக் காலவரையறையும் வேண்டும். இவற்றில் எதுவும் எந்த முன்மொழியப்பட்டவரின் மதிப்பையும் குறைக்காது. அரசு இவற்றை மறுக்குமாயின், அதன் மறைகாப்பு முன்மொழியப்பட்டவரைக் காக்கவில்லை, தன் விருப்புரிமையையே காக்கிறது என்று கொள்ள வேண்டும்.