ஆடாத நாளின் கூலி: தமிழகக் கூத்து, நாடகக் கலைஞர் சம்பளம் நெற்பங்கிலிருந்து இரவுக் கணக்குக்கு வந்த வரலாறு

தஞ்சைப் பெரிய கோயிலில் இரண்டாம் இராசேந்திரன் காலத்துக் கல்வெட்டு ஒன்று உண்டு. 11-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியைச் சேர்ந்தது. வைகாசிப் பெரிய திருவிழாவில் 'இராசராசேசுவர நாடகம்' ஆடுவதற்காகத் திருவாலன் திருமுதுகுன்றனான விசயராசேந்திர ஆசாரியன் என்ற சாந்திக்கூத்தனுக்குக் கோயில் கொடுத்த நெல்லை அது பதிவு செய்கிறது. நாள் ஒன்றுக்குத் தூணி நெல்லாக ஆண்டுக்கு 120 கலம். நாடக வரலாற்று நூல்கள் பலவும் இந்த 120 கலத்தைச் சொல்லிவிட்டுக் கடந்துபோகின்றன. கணக்கைச் சற்றுப் பிரித்துப் பார்க்க வேண்டும். மூன்று தூணி ஒரு கலம். 360 நாளுக்குத் தூணி வீதம் அளந்தால் சரியாக 120 கலம் வருகிறது. நாடகமோ வைகாசித் திருவிழாவில்தான். ஆடும் நாளுக்கு மட்டும் அல்லாமல் ஆடாத நாளுக்கும் சேர்த்து அவனுக்கு நெல் அளக்கப்பட்டது.

கலைஞர் சம்பளம் எப்படி முடிவாகிறது என்று கேட்பவர்கள் பெரும்பாலும் திறமை, புகழ், கூட்டம் ஆகிய மூன்றையே பேசுகிறார்கள். மூன்றும் உண்மைதான். ஆனால் அவற்றுக்கு அடியில் இன்னொரு கேள்வி எப்போதும் இருந்திருக்கிறது: ஆட்டம் இல்லாத நாளின் சோறு யார் பொறுப்பு? தமிழ்நாட்டில் கலைஞர் கூலியின் வரலாறு, இந்தப் பொறுப்பு கோயிலிலிருந்தும் ஊரிலிருந்தும் கழன்று கலைஞரின் தோளுக்கு வந்துசேர்ந்த வரலாறு என்பதே இக்கட்டுரையின் துணிபு.

பங்கும் காணியும்

முதலாம் இராசராசனின் 29-ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு, அதாவது 1014-ஐ ஒட்டியது, இன்னும் விரிவானது. பல தளிச்சேரிகளிலிருந்து கொண்டுவந்து தஞ்சையில் குடியமர்த்தப்பட்ட 400 தளிச்சேரிப் பெண்டுகள் என்ற கோயில் ஆடல் மகளிர், நட்டுவம் செய்வோர், பாடுவோர், கருவி இசைப்போர் என ஒவ்வொருவர் பெயரும் பங்கும் அதில் உள்ளன. ஒரு பங்கு என்பது ஒரு வேலி நிலத்தின் விளைச்சலான 100 கலம் நெல். தளிச்சேரிப் பெண்டுகளுக்கு ஆளுக்கு ஒரு பங்கு, நட்டுவனாருக்கு இரண்டு. கலைத்தொழிலுக்குள் படிநிலை வைத்து ஊதியம் நிர்ணயித்ததற்குத் தமிழில் இவ்வளவு தெளிவான பழஞ்சான்று வேறில்லை என்றே கருதுகிறேன்.

அதே கல்வெட்டில் வேறொரு விதியும் வருகிறது. பங்குடையார் இறந்தாலோ புலம் பெயர்ந்தாலோ நெருங்கிய உறவினர் அந்தப் பங்கைப் பெற்றுப் பணி செய்யலாம். அவருக்குத் தகுதி இல்லையெனில் தகுதியுள்ள ஒருவரை இட்டுச் செய்விக்க வேண்டும். பிறப்பால் வரும் உரிமை திறமையை அடியோடு விழுங்கிவிடாதபடி வைத்த வேலி அது. அரியலூர் மாவட்டத்துக் காமரசவல்லியில், மார்கழித் திருவாதிரையிலும் வைகாசித் திருவாதிரையிலும் சாக்கைக்கூத்து ஆடுவதற்காக நிலம் விட்ட செய்தியை முதலாம் இராசேந்திரன் காலக் கல்வெட்டு சொல்கிறது. ஆட்டம் சில நாள். நிலம் ஆண்டு முழுக்க விளையும்.

இதைப் பொற்காலம் என்று எழுத எனக்கு மனமில்லை. பங்கு பெற்றவர் மறுக்க முடியாதவர். கோயிலைச் சாராத ஊர்க் கலைகளில் இந்தக் கட்டு இன்னும் கடுமையாக இருந்தது. களத்துமேட்டில் அளக்கும் நெல்லுக்காகச் சாவுக்கும் சாமிக்கும் பறை அடித்தவரிடம் எவ்வளவு வேண்டும் என்று யாரும் கேட்டதில்லை. வரமாட்டேன் என்று சொல்ல அவருக்கு வாயும் இல்லை. காஞ்சிபுரம் வட்டாரக் கட்டைக்கூத்தை ஆராய்ந்த ஹன்னே டி பிரைன், சாதிவழி வந்த ஊர்க்கடமையாக இருந்த ஆட்டம் பேசி முடிக்கும் ஒப்பந்தமாக மாறியதை விரிவாக எழுதியிருக்கிறார். கலைஞர் அந்த மாற்றத்தில் இழந்ததும் உண்டு, பெற்றதும் உண்டு. விலை பேசும் வாய் கிடைத்தது பெற்றவற்றுள் பெரியது.

நிலம் போன வழி

நிலத்துக்கும் கலைக்கும் இருந்த முடிச்சு ஒரே நாளில் அவிழவில்லை. 1929-இல் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் வந்த சட்டத்திருத்தம் தேவதாசிகளின் இனாம் நிலங்களைக் கோயில் பணி என்ற நிபந்தனையிலிருந்து விடுவித்தது. 1947-இன் சட்டம் பொட்டுக்கட்டும் வழக்கத்தையே தடை செய்தது. பிறகு 1963-இன் சிறு இனாம் ஒழிப்புச் சட்டம் எஞ்சிய இனாம்களை, உழவர் அரசுக்கு நேரே வரி கட்டும் ரயத்துவாரி முறைக்குக் கொண்டுவந்தது. கலைஞரின் பிழைப்பு நெல்லிலிருந்து ரொக்கத்துக்கு மாறியது என்று இதைச் சுருக்கிச் சொல்வார்கள். அளவையும் உடன் மாறியது என்பதே முக்கியம். நெல்லின் அளவை ஆண்டு. ரொக்கத்தின் அளவை இரவு.

தனி ஆளுக்கு விலை வந்தது

இரவுக்கணக்கு எங்கே முழு வடிவம் பெற்றது என்று தேடினால் மதுரை வட்டார ஸ்பெஷல் நாடகத்தில் வந்து நிற்கிறோம். அதற்கு முன் இருந்த நாடகக் கம்பெனிகளில் நடிகர் மாதச் சம்பளக்காரர். பாய்ஸ் கம்பெனி என்றால் சிறுவர்களுக்குச் சாப்பாடும் தங்குமிடமும் கம்பெனி பொறுப்பு. சங்கரதாஸ் சுவாமிகள் 1918-இல் மதுரையில் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபா அப்படிப்பட்டது, டி.கே.எஸ். சகோதரர்கள் அங்கேதான் வளர்ந்தார்கள். வசூல் குறைந்த ஊரில் கம்பெனி முதலாளிக்கு நஷ்டம். நடிகருக்கு அன்றைக்கும் சோறு உண்டு. கோயில் தாங்கிய வெற்று நாளை இங்கே முதலாளி தாங்கினார்.

ஸ்பெஷல் நாடகத்தில் முதலாளி இல்லை. ராஜபார்ட் புதுக்கோட்டையிலிருந்து வருவார், ஸ்திரீபார்ட் மதுரையிலிருந்து, பபூன் திண்டுக்கல்லிலிருந்து. ஆர்மோனியக்காரரும் மிருதங்கக்காரரும் வேறு வேறு ஊர். ஒத்திகை கிடையாது. இரவு பத்து மணிக்கு மேடையில் சந்தித்து விடியும்வரை 'வள்ளி திருமணம்' நடத்திவிட்டு, காலையில் அவரவர் பஸ் பிடித்துப் போவார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனிச் சம்பளம், தனித்தனித் தேதி.

முன்பின் பழகாதவர்கள் இப்படிச் சேர்ந்து ஆட எப்படி முடிந்தது? சுவாமிகளின் பிரதிகளால்தான். 'வள்ளி திருமணம்', 'பவளக்கொடி', 'சத்தியவான் சாவித்திரி' ஆகியவற்றின் பாட்டும் கட்டமும் எல்லோருக்கும் பொதுப்பாடமாகிவிட்டன. நாரதர் பேசினால் வள்ளி என்ன பதில் சொல்ல வேண்டும் என்பது இருவருக்கும் முன்பே தெரியும். பிரதி பொதுவானதும் நடிகர் தனியாகக் கழன்று வர முடிந்தது. கழன்று வந்ததும் அவருக்கென்று ஒரு விலை வைக்க முடிந்தது. 1922-இல் மறைந்த சுவாமிகளை நாடகத் தமிழின் ஆசானாகப் போற்றுகிறோம். நடிகர் சம்பளச் சந்தைக்கு அடித்தளம் போட்டவரும் அவரே என்பதைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். அவர் அதை நினைத்துச் செய்யவில்லை.

தனி விலை எந்த உயரத்துக்குப் போகும் என்பதை எஸ்.ஜி. கிட்டப்பாவும் கே.பி. சுந்தராம்பாளும் காட்டினார்கள். மேடையில் இருவர் பாட்டையும் கேட்கத் திரண்ட கூட்டமும், ஊர் ஊராய்ப் போன அவர்களின் இசைத்தட்டுகளும் சம்பளத்தை ஏற்றின. கணவர் கிட்டப்பா 1933-இல் மறைந்தபின் ஒதுங்கியிருந்த சுந்தராம்பாளை 1935-இன் 'பக்த நந்தனார்' படத்துக்கு அழைக்க ஒரு லட்சம் ரூபாய் கொடுத்தார்கள். நாடகமேடை வளர்த்த குரலுக்குச் சினிமா கட்டிய விலை அது. அதன்பின் மேடையில் எஞ்சியவர்களை எடைபோடவும் சினிமாவே தராசாகிவிட்டது.

இன்றைய பேரம்

ஊரின் பக்கத்திலிருந்து பார்த்தால் பேரம் தலைக்கட்டு வரியில் தொடங்குகிறது. இத்தனை தலைக்கட்டு, தலைக்கு இவ்வளவு என்று திருவிழாவுக்கு வசூலாகும் தொகைக்குள் பந்தல், மைக்செட், வாணவேடிக்கை, அன்னதானம் எல்லாம் போக மிச்சம்தான் நாடகத்துக்கோ கூத்துக்கோ கரகாட்ட செட்டுக்கோ வரும். கலைஞரின் விலைக்கு உச்சவரம்பு வைப்பது அவர் திறமை அல்ல, ஊரின் வரிப்புத்தகம். பக்கத்து ஊர் போன வருடம் யாரைக் கொண்டுவந்தது என்ற போட்டி மட்டுமே அந்த வரம்பைச் சில நேரம் உடைக்கும். நோட்டீசில் யார் படம் பெரிதாக இருக்கிறது என்று ஊரார் பார்ப்பது இந்தக் கணக்கோடுதான்.

கலைஞரின் பக்கம் வேறு கணக்கு. நாடகக்காரருக்கும் கூத்துக்காரருக்கும் மாசி, பங்குனியில் தொடங்கும் ஓட்டம் ஆடி, ஆவணியோடு தளரும். கல்யாண மேளக்காரருக்கு ஆடியும் மார்கழியும் வெறும் மாதங்கள். முகூர்த்த நாளோ எல்லோருக்கும் ஒரே நாள். ஒரே தேதிக்கு நாலு ஊர் கேட்கும். அடுத்த வாரம் எந்த ஊரும் கேட்காது. அதனால்தான் முகூர்த்த நாளில் நாதசுவரத்துக்கு ஏறும் விலையை அன்றைய உழைப்பின் விலையாக மட்டும் படிப்பது பிழை. கேட்பாரற்ற நாளின் அரிசியும் அதற்குள் இருக்கிறது. பெண்வீட்டார் "ஒரு வேளை ஊதுறதுக்கு இவ்வளவா?" என்று கேட்கும்போது அவர்கள் ஒரு வேளையை நினைக்கிறார்கள், மேளக்காரர் ஒரு வருடத்தை நினைக்கிறார். பேரம் முறிவது பெரும்பாலும் இந்த இடத்தில்.

வட மாவட்டக் கூத்து ஜமாக்களில் மொத்தத் தொகையைப் பங்காகப் பிரிக்கும் வழக்கம் இருக்கிறது. வாத்தியாருக்கும் முக்கிய வேடத்துக்கும் ஒரு அளவு, கற்றுக்கொள்ளும் பிள்ளைக்கு ஒரு அளவு. தஞ்சைக் கல்வெட்டில் படித்த 'பங்கு' என்ற அதே சொல் விடியற்காலை மேடைக்குப் பின்னால் இன்னும் புழங்குவதைக் கேட்கையில் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது. ஆனால் அன்று அது நிலத்தின் விளைச்சலில் பங்கு. இன்று ஒரு ராத்திரி ரொக்கத்தில் பங்கு. இடையில் மேடையில் பெயர் சொல்லி அறிவிக்கப்படும் அன்பளிப்புகளும் உண்டு. பேசிய சம்பளம் குறைவாக இருந்தாலும் அதில் சரிக்கட்டிக்கொள்ளலாம் என்று கமிட்டிக்காரர் சொல்வதும் உண்டு. அது ரசிகரின் கொடையைக் காட்டிக் கூலியைக் குறைக்கும் வேலை.

அரசும் அளவுகோல் வைத்திருக்கிறது. வானொலியின் பி, பி-ஹை, ஏ, டாப் என்ற தரவரிசை நிலையத்துக்குள் ஊதியம் கணக்கிட வந்தது. வெளியே சபாவிலும் கல்யாணத்திலும் விலை பேசும்போது சொல்லிக்கொள்ளும் தகுதியாகவும் ஆகிவிட்டது. 2017-இல் வந்த சரக்கு, சேவை வரி விதிகள், நாட்டுப்புற, செவ்வியல் கலைஞர் ஒரு நிகழ்ச்சிக்கு 1,50,000 ரூபாய்வரை பெற்றால் வரிவிலக்கு என்கின்றன. இரண்டிலும் அளவை நிகழ்ச்சிதான். ஆடாத நாளுக்கு எந்த ஏட்டிலும் பத்தி இல்லை.

நலவாரியமும் நலிந்த கலைஞர் உதவித்தொகையும் இருப்பதை மறக்கவில்லை. அவை துயரத்துக்குத் தரும் உதவி. சாந்திக்கூத்தன் வாங்கியது உதவியல்ல, ஊதியம்.

2020 பங்குனி

இத்தனை நூற்றாண்டில் பொறுப்பு யார் தலைக்கு மாறியது என்பதற்குச் சான்று தேடி ஏட்டைப் புரட்ட வேண்டியதில்லை. 2020 மார்ச் 25-இல் ஊரடங்கு வந்தபோது பங்குனி நடந்துகொண்டிருந்தது. ஆண்டுச் சம்பாத்தியத்தைச் சேர்க்கும் மாதங்கள் அப்போதுதான் தொடங்கியிருந்தன. குறித்த தேதிகள் வரிசையாக ரத்தாயின. 2021-இலும் அதே பருவத்தில் இரண்டாம் அலை. கம்பெனி முதலாளி இல்லை, கோயில் பங்கு இல்லை, ஊருக்கும் கடமை இல்லை. வாங்கிய அட்வான்சைத் திருப்புவதா வேண்டாமா என்ற ஒற்றைக் கேள்விதான் கலைஞருக்கும் கமிட்டிக்கும் நடுவே மிஞ்சியது. வாய்ச்சொல்லாக முடித்த பேரத்தில் அதற்கும் விடை எழுதப்பட்டிருக்கவில்லை.

கொள்ளைநோய் அடிக்கடி வராது. மழை ஆண்டுதோறும் வரும், தேர்தல் வரும், ஊர்த்தகராறில் திருவிழா நிற்கும், பெரிய சாவு விழும். அந்த இரவுகளில் ராஜபார்ட் புதுக்கோட்டையிலிருந்து புறப்பட்டு வந்துதான் இருப்பார். பழைய நெற்பங்கைத் திரும்பக் கேட்க முடியாது. அதோடு கட்டுண்டு கிடந்த அடிமைத்தனமும் திரும்ப வேண்டாம். ஆனால் விழாக் கமிட்டி எழுதும் ஒப்பந்தச் சீட்டில் ஒரு வரி கூட்ட யாருடைய அனுமதியும் தேவையில்லை. அடுத்த பங்குனிக்கு நாடகம் பேசப் போகும் பெரியவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்: ஆடினால் என்ன சம்பளம் என்று எழுதும் அதே தாளில், வந்தபின் ஆட்டம் நின்றால் என்ன சம்பளம் என்றும் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள்.