ஊவா மலைநாடும் பௌத்த அரச அறமும்

பதுளை நகரின் நடுவே முதியங்கனை விகாரை நிற்கின்றது. கௌதம புத்தர் மூன்றாம் முறை இலங்கைக்கு எழுந்தருளியபோது இவ்விடத்துக்கும் வந்தார் என்பது பௌத்தரின் மரபுவழி நம்பிக்கை. அந்நகரைச் சூழ்ந்த மலைச்சரிவுகளிற் பத்தொன்பதாம் நூற்றாண்டில் முதலிற் கோப்பியும் பின்னர்த் தேயிலையும் பயிராயின. தென்னிந்தியாவினின்றும் வந்த தமிழ்த் தொழிலாளர் அங்குக் குடியேறினர். ஆதலின், ஆள்வோரையும் போரையும் பௌத்த அறம் எவ்வாறு மதிக்கும் என்னும் வினா ஊவா மக்களுக்கு ஏட்டளவில் நிற்பதொன்றன்று.

பழந்தமிழர் களத்தில் வீழ்ந்த வீரனுக்கு நடுகல் நாட்டினர். வீரசுவர்க்கம் அவனுக்குரியது எனவும் நம்பினர். வடநாட்டிலும் இந்நம்பிக்கை நிலவியது. சங்யுத்த நிகாயத்து யோதாஜீவ சுத்தத்திலே, படைத்தொழிலோன் ஒருவன் இது மெய்யோ எனப் புத்தரை வினவுகின்றான். இருமுறை வினவியும் அவர் விடை கூறாது தவிர்க்கின்றார். மூன்றாம் முறை வற்புறுத்தவே, பிறர் அழிக என்னும் எண்ணத்தோடு பொருபவனின் மனம் முன்னரே இழிந்துவிட்டது என்றும், அந்நிலையில் இறப்பானுக்கு வாய்ப்பது நரகமே என்றும் உரைக்கின்றார். கேட்டவன் அழுகின்றான். புத்தர் கூற்றுக்காக அவன் அழவில்லை. போர்த்தொழில் ஆசான்மார் நெடுங்காலம் தன்னை ஏமாற்றினர் என்பதற்காகவே அழுகின்றான்.

போர்வீரனுக்கு இஃது அளவுகோல் எனின், அரசனுக்குரிய அளவுகோல் தீக நிகாயத்துச் சக்கவத்தி சீகநாத சுத்தத்திற் காணப்படும். குடிகளுக்கும் துறவிகளுக்கும் மட்டுமன்றி, விலங்குக்கும் பறவைக்கும் காவல் அளித்தல் அரசன் கடன்; பொருளற்றார்க்குப் பொருள் அளித்தலும் அவன் கடன். காவலை அளித்துப் பொருளை அளிக்கத் தவறிய ஓர் அரசன் காலத்தில் வறுமை மிகுந்தது. வறுமையாற் களவும், களவாற் படைக்கலமும், படைக்கலத்தாற் கொலையும் பெருகின என அச்சுத்தம் படிப்படியாக விளக்குகின்றது. தமிழ்ப் பௌத்தக் காப்பியமாகிய மணிமேகலையும் பசிப்பிணி தீர்த்தலையே அறத்தின் தலையாகக் கொள்ளும்.

இவ்விரண்டு அளவுகோல்களையும் கொண்டு ஊவாவின் வரலாற்றை நோக்கலாம். 1815ஆம் ஆண்டு மார்ச்சு 2ஆம் நாள் செய்யப்பட்ட கண்டி உடன்படிக்கை, பௌத்த மதத்தைக் காப்பதாக உறுதி கூறியது. மூன்றாண்டுகளுள் ஊவாவிலும் வெல்லசையிலும் கிளர்ச்சி எழுந்தது. கிளர்ச்சியாளர் முன்னிறுத்திய வில்பாவே என்பவர், தாம் நாயக்கர் மரபினரான துரைசாமி எனக் கூறிக்கொண்டார். தென்னாட்டு மரபினன் என்பதனால் அம்மக்கள் அவரை வெறுக்கவில்லை. அம்மரபே அவருக்கு உரிமை தந்தது. இன்று இதனை நினைவிற் கொள்வது தகும்.

ஊவாத் திசாவையாக இருந்த கெப்பெட்டிப்பொல, கிளர்ச்சியை அடக்க அனுப்பப்பட்டவர். ஆனால் கிளர்ச்சியாளரோடு சேர்ந்துகொண்டார். தேசாதிபதி பிரவுன்றிக் இராணுவச் சட்டம் பிறப்பித்தார். ஊர்கள் எரிக்கப்பட்டன, கால்நடையும் தானியமும் அழிக்கப்பட்டன. பிற்காலத்துப் பிரித்தானிய அதிகாரி ஒருவரே, அவ்வாட்சியின் செயலை நாணத்தோடன்றிக் கூறவியலாது என்னும் கருத்தை வெளியிட்டார். 1818ஆம் ஆண்டு நவம்பர் 26ஆம் நாள் கெப்பெட்டிப்பொல கண்டியிற் சிரச்சேதம் செய்யப்பட்டார். அதற்கு முன் அவர் தலதா மாளிகைக்குச் சென்று வணங்கித் தம் மேலாடையைக் காணிக்கையாக்கினார். இறுதி வேளையில் அவர் வேண்டியது வீரசுவர்க்கமன்று, நிருவாணமே. பொருத நாளில் அவர் மனம் எவ்வாறிருந்ததோ, இறக்கும் நாளிற் பகை நீங்கியிருந்தது எனக் கொள்ள இடமுண்டு.

இக்காலத் தலைவருள் இவ்வளவுகோலைத் தாமே எடுத்துக் காட்டியவர் யே. ஆர். செயவர்த்தனா. 1951ஆம் ஆண்டு செத்தெம்பரிற் சான் பிரான்சிசுகோ சமாதான மாநாட்டில் இலங்கை நிதியமைச்சராக அவர் பேசினார். யப்பானியரின் வான்தாக்குதலாலும், போர்த்தேவைக்காக இறப்பர் மரங்களை அழியுமளவும் பால் வெட்டியதாலும் இலங்கைக்கு நட்டம் நேர்ந்தது என்றார். ஆயினும், பகை அன்பினாலன்றித் தணியாது என்னும் புத்தர் போதனையைச் சுட்டி, இழப்பீடு கோரோம் எனக் கூறினார். யப்பானியர் காமகுராவிலுள்ள பெரும் புத்தர் சிலையருகே அவருக்கு நினைவுக்கல் நாட்டினர். போரை மறுத்த சொல்லுக்கு நட்ட நடுகல் அது.

ஆனால், அவர் அமைச்சராக இருந்த அரசாங்கமே 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டத்தால் மிகப்பெரும்பாலான தோட்டத் தமிழரை நாடற்றவராக்கிற்று. 1983ஆம் ஆண்டு யூலையில் அவர் சனாதிபதியாக இருந்தபோது, கொழும்பில் மூண்ட வன்செயல் பதுளைக்கும் பரவித் தமிழர் கடைகளும் வீடுகளும் எரிந்தன. யூலை 28ஆம் நாள் அவர் நாட்டுக்கு ஆற்றிய உரையிற் பாதிக்கப்பட்டோருக்கு ஆறுதலாக ஒரு சொல்லும் இல்லை. 1988ஆம் ஆண்டில் எஞ்சிய நாடற்றவருக்கு உரிமை வழங்கும் சட்டம் அவர் ஆட்சியிலேயே நிறைவேறியது என்பதையும் மறைத்தல் நேர்மையன்று. கடல் கடந்த பகைவனிடம் காட்டிய பொறையை மலைநாட்டுக் குடிகளிடமும் காட்ட நாற்பது ஆண்டுகள் சென்றன என்பதே வரலாறு.

காவற்கடன் அதன்பின்னும் தவறியது. 2000ஆம் ஆண்டு ஒக்டோபர் 25ஆம் நாள், பண்டாரவளையை அடுத்த பிந்துனுவெவ புனர்வாழ்வு முகாமில், அரசின் பொறுப்பிலிருந்த 25க்கும் மேற்பட்ட தமிழ் இளைஞர், பொலிசார் அங்கிருக்கவே கும்பலொன்றாற் கொல்லப்பட்டனர். தண்டிக்கப்பட்டோரையும் 2005ஆம் ஆண்டில் உயர் நீதிமன்றம் விடுவித்தது. 1818ஆம் ஆண்டின் கிளர்ச்சித் தலைவர்மேற் சுமத்தப்பட்ட துரோகிப் பெயரை 2016ஆம் ஆண்டில் அரசு நீக்கியது. நூற்றுத் தொண்ணூற்றெட்டு ஆண்டுகளின் பின் அவர்களுக்கு நீதி கிடைத்தது. பிந்துனுவெவ இளைஞருக்கு அது கிடைக்கவில்லை.

பௌத்த அறம் சிங்களவருக்கு ஒன்றும் தமிழருக்கு ஒன்றும் கூறுவதில்லை. கொல்லும் மனத்தையும் காவாத கோலையும் யாரிடத்தும் கடியும். யோதாஜீவ சுத்தத்துப் படைத்தொழிலோன் தன் ஆசான்மாரை நொந்து அழுதான். இரு சாராரின் பாடசாலைகளிலும் போரைப் புகழ்ந்து வரலாறு கற்பிப்போர், அவ்வழுகைக்குத் தாமும் விடை கூறவேண்டியவராவர்.