வெம்பக்கோட்டை வட்டாரப் பட்டாசு ஆலைகளில் தொழில் தகராறுகள்

விருதுநகர் மாவட்டத்தின் வெம்பக்கோட்டை வட்டம், சிவகாசி, சாத்தூர் வட்டங்களோடு சேர்ந்து இந்தியாவின் பட்டாசு உற்பத்தியில் பெரும்பங்கைத் தருகிறது. வைப்பாற்றில் அணை இருந்தாலும் இங்கே நிலம் பெரும்பாலும் மானாவாரிக் கரிசல். மழை பொய்த்த வீடுகளுக்குப் பட்டாசு ஆலைதான் கஞ்சி ஊற்றியது. தாயில்பட்டி, ஏழாயிரம்பண்ணை, வெற்றிலையூரணி, விஜயகரிசல்குளம் என ஊர் ஊராக விடிகாலையில் வேன் வந்து ஆள் ஏற்றிக்கொண்டு போகிறது. கூலிக் குறைவு, வேலைநீக்கம், போனஸ், ஆலை மூடல், விபத்து இழப்பீடு என இந்த ஆலைகளில் எழும் தகராறு எதுவானாலும், கடைசியில் முட்டி நிற்கிற கேள்வி ஒன்றுதான்: சட்டப்படி இங்கே முதலாளி யார்?

அந்தக் கேள்வி உரிம முறையிலிருந்து பிறக்கிறது. கையாளும் வெடிபொருளின் அளவைப் பொறுத்து மாவட்ட நிர்வாகமோ, பெட்ரோலியம் மற்றும் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பின் சென்னை அல்லது நாக்பூர் அலுவலகமோ உரிமம் வழங்கும். ஊர்ப் பேச்சில் இவை டிஆர்ஓ (மாவட்ட வருவாய் அலுவலர்) லைசென்ஸ், சென்னை லைசென்ஸ், நாக்பூர் லைசென்ஸ். உரிமம் வாங்கியவரே ஆலையை நடத்த வேண்டும் என்பது விதி. நடைமுறையில் பல ஆலைகளில் அறைகள் தனித்தனியாக உள்குத்தகைக்கு விடப்படுகின்றன. நாலு அறையை ஒருவர், ஆறு அறையை இன்னொருவர் எடுத்து, தங்கள் ஆட்களை வைத்துத் தங்கள் சரக்கைச் செய்கிறார்கள். பலகையில் ஒரு பெயர், கூலி கொடுக்கும் கை வேறு. வீடுகளில் வைத்து உரிமமே இல்லாமல் வெடி செய்யும் இடங்களில் காகிதத்தில் முதலாளி என்று யாருமே கிடையாது.

கூலி பெரும்பாலும் எண்ணிக்கைக் கணக்கு. சக்கரம் சுற்றுவது, குழாய்க்கு மருந்து செலுத்துவது, திரி வைப்பது, சரம் பின்னுவது, பெட்டி ஒட்டுவது என ஒவ்வொன்றுக்கும் தனி ரேட்டு உண்டு. பட்டாசுத் தொழிலுக்குத் தமிழக அரசு குறைந்தபட்சக் கூலி நிர்ணயித்திருக்கிறது. ஆனாலும் வாரக் கடைசியில் கணக்குப்பிள்ளையின் நோட்டில் இருக்கும் எண்ணும் தொழிலாளி தன் கையால் எண்ணிய எண்ணும் ஒத்துப்போனால்தான் அந்தக் கூலி கைக்கு வரும். கழிந்த சரக்குக்கு எவ்வளவு கழிப்பது, மழை ஈரத்தில் வேலை நின்ற நாளுக்கு என்ன தருவது என்பவையே அன்றாடச் சச்சரவுகள். வாங்கிய முன்பணம் கழியாமல் வேறு ஆலைக்குப் போக முடியாது என்பதும் பழைய மனத்தாங்கல்.

கூலித் தகராறும் பாதுகாப்பும் இங்கே ஒரே நூலில் கோத்தவை. கலந்த மருந்தை அன்றைக்கே செலுத்தி முடிக்க வேண்டும், மிச்சம் வைக்கக் கூடாது. ஓர் அறையில் அனுமதித்த ஆட்களுக்கு மேல் உட்காரக் கூடாது. தீபாவளி நெருங்கி ஆர்டர் குவியும்போது, எண்ணிக்கைக்குக் கூலி வாங்கும் கை வேகம் கூட்டும், உள்குத்தகைக்காரர் அறைக்குள் ஆள் கூட்டுவார், இடம் போதாமல் வேலை மரத்தடிக்கும் வரும். வேகம் வேண்டாம், ஆள் கூடுதல் என்று சொல்கிற தொழிலாளிக்குப் பதில், நாளை முதல் வேனில் இடம் இல்லை என்பதாக இருக்கும். நீக்கல் கடிதம் கிடையாது, பல இடங்களில் வருகைப் பதிவேட்டில் பெயரும் இருக்காது. இதே வட்டத்தில் ஆலங்குளத்தில் இயங்கும் அரசு சிமென்ட் ஆலையின் நிரந்தரத் தொழிலாளிக்குப் பணிப் பதிவு, நிலையாணை, சங்கம் எல்லாம் உண்டு.

சட்டத்தின் கை முதலில் நீண்டது குழந்தைகளுக்காக. வழக்கறிஞர் எம்.சி.மேத்தா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பர் 10 அன்று தீர்ப்பளித்து, அபாயத் தொழிலில் வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்றது. சிவகாசி வழக்காகத் தொடங்கிய அது நாடு முழுவதற்குமான தீர்ப்பாயிற்று.

விபத்து இழப்பீடுதான் இந்த வட்டாரத்தின் ஆகப் பெரிய தகராறு. 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசி அருகே முதலிப்பட்டியில் 38 பேர் இறந்தனர். 2021 பிப்ரவரி 12 அன்று அச்சங்குளத்தில் 20க்கும் மேற்பட்டோர், 2024 பிப்ரவரி 17 அன்று வெம்பக்கோட்டை அருகே 10 பேர் மாண்டனர். ஒவ்வொரு முறையும் அரசு மருத்துவமனைப் பிணவறை வாசலில் ஒரே வகையான பேச்சுவார்த்தை நடக்கிறது. உறவினர்கள் உடலை வாங்க மறுத்து உட்காருகிறார்கள். வருவாய்த் துறையினரும் காவல் அதிகாரிகளும் ஆலைத் தரப்போடு பேசுகிறார்கள். காசோலையும் இறுதிச் சடங்குக்கு ரொக்கமும் வந்த பிறகு உடல் ஊருக்குப் புறப்படுகிறது. மாவட்டத்திலேயே மிக விரைவாக முடியும் சமரசம் இதுதான். தொழிலாளர் துறை அந்த வாசலில் அபூர்வமாகத்தான் தென்படுகிறது.

அந்தக் காசோலை சட்டம் சொல்லும் இழப்பீடு அல்ல. 2025 நவம்பர் 21க்கு முன் அமலிலிருந்த 1923ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டத்தின் 8ஆவது பிரிவுப்படி, இறப்புக்கான தொகையைத் தொழிலாளர் இழப்பீட்டு ஆணையரிடம் கட்ட வேண்டியிருந்தது. சார்ந்தோருக்கு மூன்று மாதக் கூலி அளவுக்கு முன்பணம் தரலாமே தவிர, குடும்பத்தின் கையில் நேரடியாகக் கொடுத்தது இழப்பீடு கொடுத்ததாக ஆகாது என்றது அந்தச் சட்டம். தொகைக்கும் அதில் வாய்பாடு இருந்தது: மாதக் கூலியில் பாதியை வயதுக்குரிய எண்ணால் பெருக்க வேண்டும். 40 வயதுக்கு அந்த எண் 184.17. மாதம் 12,000 ரூபாய் வாங்கிய 40 வயதுத் தொழிலாளி இறந்தால் 11,05,020 ரூபாய். ஒரு மாதத்துக்குள் கட்டாவிட்டால் 12 சதவீத வட்டி, தகுந்த காரணம் இல்லாவிட்டால் 50 சதவீதம் வரை அபராதம். ஒப்பந்தக்காரரின் ஆள் என்றாலும் முதன்மை முதலாளியிடமே கேட்கலாம் என்று 12ஆவது பிரிவு சொன்னது. இஎஸ்ஐ காப்பீட்டில் இருந்தவர் என்றால் இந்த வழி மூடப்படும், குடும்பத்துக்கு மாதாந்தர உதவி இஎஸ்ஐ கழகத்திலிருந்து வரும். அரசு அறிவிக்கும் நிவாரண நிதி இவற்றோடு சேராத தனிக் கணக்கு. பிணவறை வாசலில் கையெழுத்துப் போடுகிற குடும்பத்துக்கு இதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை என்பது பெருங்குறை.

அச்சங்குளம் விபத்து வேறொரு வழியைத் திறந்தது. அந்த ஆலையும் பலருக்கு உள்குத்தகைக்கு விடப்பட்டிருந்ததாகத் தெரியவந்தது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானாக முன்வந்து வழக்கை எடுத்து, 2021 ஜூனில் இறந்தவர் ஒவ்வொருவருக்கும் 20 லட்சம் ரூபாய் இழப்பீடு நிர்ணயித்தது.

ஆலை மூடல் வந்தபோது தகராறின் முகமே மாறியது. 2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம் பேரியம் உப்பையும் சரவெடியையும் தடை செய்தது. அடுத்த மாதமே உற்பத்தியாளர்கள் ஆலைகளை மூடினர், பூட்டு 2019வரை நீடித்தது. முதலாளி வேலையை நிறுத்தினால் அதைக் கதவடைப்பு என்பது தொழிலாளர் சட்டம். இங்கே முதலாளிகளின் வழக்கு நீதிமன்றத் தீர்ப்போடு. வேலை இழந்தவர்களும் முதலாளிகளோடு சேர்ந்தே ஆட்சியர் அலுவலகம் போனார்கள். அந்த மாதங்களுக்கான கூலியை யாரிடம் கேட்பது என்பது கேட்கப்படாமலே போயிற்று. 50 பேரோ அதற்கு மேலோ உள்ள ஆலையில் ஓராண்டு வேலை பார்த்தவருக்கு, வேலை இல்லாத நாளுக்குப் பாதிக் கூலி என்று அன்று அமலிலிருந்த 1947ஆம் ஆண்டு தொழில் தகராறுச் சட்டம் சொன்னது. அதற்கும் பதிவேட்டில் பெயர் வேண்டும்.

சிஐடியு, ஏஐடியுசி சங்கங்கள் இந்த வட்டாரத்தில் விடாமல் வேலை செய்கின்றன. ஆனால் ராஜபாளையம் அருகே சத்திரப்பட்டியில் மருத்துவத் துணி நெய்யும் விசைத்தறித் தொழிலாளர்கள் ஒப்பந்தக் காலம் முடிந்ததும் தறியை நிறுத்திப் பேசிப் புதுக் கூலி வாங்கும் பழக்கம் பட்டாசில் வேரூன்றவில்லை. ஆலைகள் ஊருக்கு வெளியே தனித்தனியாகக் கிடக்கின்றன, ஒரே ஆலைக்குள்ளும் ஆட்கள் பல குத்தகைக்காரர்களுக்குப் பிரிந்திருக்கிறார்கள்.

2025 நவம்பர் 21 முதல் நடப்புக்கு வந்த 2020ஆம் ஆண்டு தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு 1947ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தைப் பிடித்தது. வேலையை விட்டு நீக்கப்பட்டவர் தனியாகவே சமரச அலுவலரிடம் மனுக் கொடுக்கலாம். 45 நாளில் முடிவு வராவிட்டால் தீர்ப்பாயத்துக்கு நேரே போகலாம். அதற்கான கெடு, நீக்கிய நாளிலிருந்து இரண்டு ஆண்டு. எந்த ஆலையிலும் 14 நாள் முன்னறிவிப்பு இல்லாமல் வேலைநிறுத்தம் செய்ய முடியாது. 20 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடத்தில் இரு தரப்பும் சம எண்ணிக்கையில் இருக்கும் குறைதீர்க் குழு கட்டாயம், தொழிலாளர்களில் பெண்களின் விகிதத்துக்குக் குறையாமல் அதில் பெண்கள் இருக்க வேண்டும். பெண்கள் பெருமளவில் வேலை செய்யும் இந்தத் தொழிலில் இது பெரிய காரியம். ஆனால் 60 பேர் வேலை செய்யும் ஓர் ஆலையை நால்வர் பிரித்து எடுத்துத் தலைக்குப் பதினைந்து பேரை வைத்துக் கணக்குக் காட்டினால், குழு அமைக்க வேண்டிய கடமை நால்வரில் எவருக்கும் இல்லை. ஆய்வுக்கு வரும் அலுவலர் உரிமதாரரின் பெயரில் அறுபது பேரையும் ஒன்றாக எண்ணினால்தான் அந்தக் குழு பிறக்கும்.