ரிச்சர்டு ஃபெயின்மன்

ரிச்சர்டு பிலிப்ஸ் ஃபெயின்மன் (மே 11, 1918 – பெப்ரவரி 15, 1988) குவாண்டம் மின்னியக்கவியலை உருவாக்கியவர்களுள் ஒருவரான அமெரிக்க இயற்பியலாளர் ஆவார். இதற்காக 1965 ஆம் ஆண்டின் இயற்பியல் நோபல் பரிசை ஜூலியன் சுவிங்கர், சின்-இட்டிரோ தொமோனாகா ஆகியோருடன் பகிர்ந்து கொண்டார். எனினும் இயற்பியல் படித்திராதவர்களும் இவரை அறிந்திருப்பதற்கு, எதையும் எளிய சொற்களில் விளக்க முனைந்த இவரது பேச்சும், பதவிக்கு அஞ்சாத இவரது கேள்விகளுமே காரணம்.

இளமை

நியூயார்க் நகரின் குயின்சு பகுதியில் யூதக் குடும்பமொன்றில் பிறந்தார். தந்தை மெல்வில் சீருடை வணிகத்தில் இருந்தவர். ஒரு பறவையின் பெயரைப் பல மொழிகளில் அறிந்தாலும் பறவையைப் பற்றி எதுவும் அறிந்ததாகாது, அது என்ன செய்கிறது என்று கவனிக்க வேண்டும் என்று அவர் மகனுக்குக் கற்பித்தார். தங்கை ஜோனும் பின்னாளில் வானியற்பியலாளர் ஆனார். ஃபெயின்மன் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் 1939 இல் இளநிலைப் பட்டமும், பிரின்ஸ்டனில் ஜான் வீலரிடம் ஆய்வு செய்து 1942 இல் முனைவர் பட்டமும் பெற்றார்.

லாஸ் அலமோஸ்

காசநோய் கண்டிருந்த ஆர்லைன் கிரீன்பாமை, பெற்றோரின் எதிர்ப்பையும் மீறி 1942 இல் மணந்தார். அணுகுண்டுத் திட்டத்தில் ஹான்ஸ் பெதேயின் கீழ்ப் பணியாற்றியபோது, துளையட்டை இயந்திரங்களைக் கொண்டு கணக்கிடும் குழுவை வழிநடத்தினார். வார இறுதிகளில் அல்புகர்க்கி மருத்துவமனைக்குச் சென்று மனைவியைக் கண்டு வந்தார். ஆர்லைன் 1945 சூன் 16 இல் இறந்தார். சரியாக ஒரு மாதத்தில் முதல் அணுகுண்டு வெடித்துச் சோதிக்கப்பட்டது. 1946 இல் இறந்த மனைவிக்கு அவர் எழுதிய கடிதம், அவரது மறைவுக்குப் பின்னரே திறக்கப்பட்டது.

ஃபெயின்மன் வரைபடங்கள்

இலத்திரனும் ஒளியும் ஒன்றோடொன்று வினைபுரிவதைக் கணக்கிடப் பக்கக்கணக்கில் சமன்பாடுகள் தேவைப்பட்டன. ஃபெயின்மன் அவற்றைப் படங்களாக்கினார். நேர்கோடு இலத்திரனையும் அலைக்கோடு ஒளியணுவையும் குறிக்கும். கோடுகள் சந்திக்கும் ஒவ்வொரு புள்ளியும் கணக்கில் ஒரு காரணியாகும். 1948 இல் இதை விளக்கியபோது மூத்த அறிஞர்கள் ஏற்கவில்லை. இம்முறையும் சுவிங்கரின் கணிதமும் ஒன்றே என்பதை 1949 இல் பிரீமன் டைசன் காட்டினார். இன்று துகள் இயற்பியல் மாணவர் எவரும் இப்படங்களை வரையாமல் பாடத்தைக் கடக்க இயலாது.

ஆசிரியரும் கதைசொல்லியும்

கால்டெக்கில் 1961 முதல் 1963 வரை இளநிலை மாணவர்களுக்கு ஆற்றிய விரிவுரைகள் மூன்று தொகுதிகளாக வெளிவந்தன. மாணவர்களின் நோக்கில் இம்முயற்சி பெரிதும் வெற்றி பெறவில்லை என்றே அவர் முன்னுரையில் எழுதினார். ஆனால் ஆசிரியர்களும் ஆய்வாளர்களும் அவற்றை இன்றளவும் விரும்பிப் படிக்கின்றனர்.

பொங்கோ மத்தளம் வாசித்தது, லாஸ் அலமோஸில் பெட்டகங்களைத் திறந்து காட்டியது போன்ற கதைகள் 1985 இல் வெளியான நினைவுக்குறிப்பு நூலால் பரவின. தம்மைப் பற்றிய கதைகளை உருவாக்குவதில் அவர் மிகுந்த முயற்சி செலவிட்டதாக உடன் பணியாற்றிய மரே ஜெல்-மான் குறைகூறினார். அந்நூலில் பெண்களைப் பற்றி அவர் எழுதிய பகுதிகளும் கண்டனத்துக்கு உள்ளாகியுள்ளன, இக்கண்டனம் நியாயமானதே.

சாலஞ்சர் விசாரணை

1986 சனவரி 28 இல் சாலஞ்சர் விண்ணோடம் சிதறி எழுவர் இறந்தனர். விசாரணை ஆணையத்தில் உறுப்பினரான ஃபெயின்மன், பெப்ரவரி 11 அன்று பொது அமர்வில், உந்துகல இணைப்புகளை அடைக்கும் இரப்பர் வளையத்தின் துண்டொன்றைக் கிளாம்பால் இறுக்கிப் பனிக்கட்டி நீரில் இட்டார். வெளியே எடுத்துக் கிளாம்பைத் தளர்த்தியபோது இரப்பர் உடனே பழைய வடிவுக்கு மீளவில்லை. ஏவிய நாளின் கடுங்குளிரில் நேர்ந்தது இதுவே. குளிரில் வளையம் இறுகும் தகவல் விண்வெளி வீராங்கனை சாலி ரைடிடமிருந்து தளபதி டொனால்டு குடினா வழியாக அவரை எட்டியது என்பது பின்னாளில் தெரியவந்தது.

சோதனையை விட முக்கியமானது அவர் எழுதிய பின்னிணைப்பு. விண்ணோடம் அழியும் வாய்ப்பு நூற்றில் ஒன்று என்று பொறியாளர்கள் மதிப்பிட, நாசா நிருவாகமோ இலட்சத்தில் ஒன்று என்றது. அதாவது 300 ஆண்டுகள் நாள்தோறும் ஏவினாலும் ஒன்றுதான் அழியும் என்பது பொருள் என அவர் கணக்கிட்டுக் காட்டினார். இதைச் சேர்க்காவிடில் அறிக்கையிலிருந்து தம் பெயரை நீக்குமாறு கூறிய பின்னரே பின்னிணைப்பு இடம்பெற்றது.

1978 முதல் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சைகள் செய்துகொண்ட ஃபெயின்மன், ஆணையப் பணி முடிந்து இரண்டு ஆண்டுகளுக்குள் லாஸ் ஏஞ்சலஸில் காலமானார்.