மூங்கில் கழியின் இரண்டு முனைகள்

கடலூரிலிருந்து செம்மங்குப்பம், ஆலப்பாக்கம் பக்கமாகத் தெற்கே போகிற ரயில் பாதை நம்மைச் சிதம்பரத்தில் கொண்டுபோய்விடும். நடராஜர் கோயிலுக்கு மேற்கே இளமையாக்கினார் கோயில். அதையொட்டி ஒரு குளம். விவாகரத்து முடிந்து, 'இன்னொரு கல்யாணமா? போதும்டா சாமி!' என்று நிற்பவர்களுக்கு அந்தக் குளம் ஒரு கதை வைத்திருக்கிறது.

12-ம் நூற்றாண்டில் சேக்கிழார் பெரியபுராணத்தில் எழுதிய கதை. தில்லையில் திருநீலகண்டர் என்ற குயவர், பரத்தை வீட்டுக்குப் போய் வந்தார். மனைவிக்குத் தெரிந்துபோனது. வீட்டு வேலைகளை எப்போதும்போலச் செய்தார் அந்தம்மா. ஆனால், 'எம்மைத் தொடக் கூடாது' என்று கணவர் வணங்கும் திருநீலகண்டத்தின் மேலேயே ஆணையிட்டுவிட்டார். 'என்னை' இல்லை, 'எம்மை'! அந்தப் பன்மையைக் கேட்ட கணவர், இனி எந்தப் பெண்ணையும் மனதாலும் தொடுவதில்லை என்று முடிவெடுத்தார். ஒரே வீடு. ஊருக்குத் தெரியாத பிரிவு. இருவரும் கிழவன், கிழவி ஆகும்வரை!

அந்தக் காலத்தில் சட்டம் போட்டுத் தந்த கதவு ஏது? சில சமூகங்களில் 'அறுத்துக் கட்டும்' வழக்கம் இருந்தது. மற்ற இந்துப் பெண்களுக்குச் சென்னை மாகாணச் சட்டம் விவாகரத்துக் கதவைத் திறந்தது 1949-ல். அடுத்து, 1955-ல் இந்து திருமணச் சட்டம். அதிலும், கணவன் கொடுமைப்படுத்தினால் கோர்ட் மூலம் பிரிந்து வாழலாம், அவ்வளவுதான். கொடுமைக்காகவே விவாகரத்து, இருவரும் சம்மதித்து விவாகரத்து... இரண்டும் வந்தது 1976-ல்தான். விவாகரத்தானவர்கள் மறுமணத்துக்கு ஒரு வருஷம் காத்திருக்க வேண்டும் என்ற விதி போனதும் அந்த வருஷம்தான்.

சட்டம் காத்திருப்பை எடுத்துவிட்டது. மனசு?

குளத்துக்கு வருவோம். சிவயோகி ஒருவர் திருநீலகண்டரிடம் ஒரு திருவோட்டைக் கொடுத்துவைத்தார். திரும்பக் கேட்டபோது ஓடு மாயம்! 'நீ திருடவில்லை என்றால், மனைவி கையைப் பிடித்துக் குளத்தில் மூழ்கிச் சத்தியம் செய்' என்றார். கையைத் தொட முடியாதே! மூங்கில் கழியின் ஒரு முனையைக் கணவர் பிடித்தார், மறு முனையை மனைவி. யோகி ஒப்பவில்லை. வேறு வழியில்லாமல், பழைய கதை முழுவதையும் ஊர் அறியச் சொன்னார் கணவர். பிறகு மூழ்கினார்கள். இளமையோடு எழுந்தார்கள்.

'பார், அவள் பொறுத்துப் போனாள்' என்று பெண்களுக்கு இந்தக் கதையைச் சொல்வதுண்டு. தப்பு! அவர் எங்கே பொறுத்தார்? தொடாதே என்றார். தன் மேல்தான் பழி என்று கணவர் ஊர் முன்னால் ஒப்புக்கொண்ட பிறகுதான் எல்லாம் நடந்தது. பழைய உறவோ, புதிய கல்யாணமோ... காயம்பட்டவர்கள் திரும்பி வருவதற்கும் அதே வரிசைதான். முதலில் உண்மை. அதுவரை கழியே போதும். கை பிடிக்க அவசரமில்லை.