டிரம்ஸ் சிவமணி: ஒலிப்பதிவுக் கூடத்திலிருந்து ஜாஸ் மேடைக்கு

ஆனந்தன் சிவமணி தமிழ்நாட்டின் புகழ்பெற்ற டிரம்ஸ் கலைஞர். 1959 டிசம்பர் 1-ஆம் தேதி பிறந்த இவரை இரசிகர்கள் 'டிரம்ஸ்' சிவமணி என்றே அழைக்கின்றனர். ஜாஸ் இசையோடு வளர்ந்த ஒரு கருவியில் நம் தாளங்களைப் பேச வைத்ததே இவருடைய தனிச்சிறப்பு.

கருவி

டிரம்ஸ் ஒரே கருவி அன்று. பேஸ் டிரம், ஸ்நேர், டாம்-டாம், சிம்பல் தட்டுகள் ஆகியவற்றின் தொகுப்பு. ஊர்வல வாத்தியக் குழுக்களில் இவற்றை ஆளுக்கொன்றாக வாசித்தனர். அமெரிக்காவில் வில்லியம் லுட்விக் 1909-இல் உருவாக்கிய கால்மிதி, ஒருவரே எல்லாவற்றையும் வாசிப்பதை எளிதாக்கியது. தைப்பூசத்தில் உறுமி, பம்பை, தவில் எனப் பலர் சேர்ந்து முழக்குவதை ஒருவரே இரு கைகளாலும் இரு கால்களாலும் செய்வது போன்றது இது.

1940-களில் கென்னி கிளார்க் போன்ற ஜாஸ் கலைஞர்கள் காலக்கணக்கை சிம்பலுக்கு மாற்றினர். கால் விடுபட்டதால், பேஸ் டிரம் இடையிடையே வெட்டி முழங்கத் தொடங்கியது. அதன் பிறகு டிரம்ஸ் கலைஞர் தாளம் காப்பவராக மட்டும் இல்லை. மற்ற கலைஞர்களோடு உரையாடுபவரும் ஆனார்.

இளமையும் திரையிசையும்

சிவமணியின் தந்தை எஸ்.எம். ஆனந்தனும் தாளக் கலைஞரே. சிறுவயதிலேயே டிரம்ஸ் வாசிக்கத் தொடங்கிய சிவமணி, சென்னைத் திரையிசைக் கூடங்களில் வளர்ந்தார். பாடல் ஊரெங்கும் ஒலித்தாலும் வாசித்தவரின் பெயர் வெளியே தெரியாத தொழில் அது. 1980-களில் தாள இயந்திரங்களும் கூடங்களுக்குள் வந்தன. பொத்தானை அழுத்தினால் தாளம் கிடைக்கும்போது கலைஞர் எதற்கு என்ற கேள்வியும் உடன் வந்தது.

ஏ.ஆர். ரகுமான் 'ரோஜா' (1992) படத்தில் அறிமுகமாகும் முன்பே, 'ரூட்ஸ்' இசைக்குழுவில் அவருடன் சிவமணி வாசித்தார். அந்த நட்பு திரையிசையிலும் உலக மேடைகளிலும் தொடர்ந்தது.

ஜாஸ் மேடை

சிவமணி தம் முன்னோடியாகக் கருதியவர்களில் ஒருவர் பில்லி கோபாம். பனாமாவில் பிறந்த கோபாம், மைல்ஸ் டேவிசுடன் வாசித்தவர். மகாவிஷ்ணு ஆர்கெஸ்ட்ராவின் டிரம்ஸ் கலைஞர். 1990-இல் மும்பை ரங் பவன் அரங்கில் அவருடன் ஒரே மேடையில் வாசிக்கும் வாய்ப்பு சிவமணிக்குக் கிடைத்தது.

பின்னர், தேயிலைக்குப் பேர்போன டார்ஜிலிங்கில் பிறந்த ஜாஸ் பியானோ கலைஞர் லூயிஸ் பேங்க்ஸ், பாடகர் சங்கர் மகாதேவன், பேஸ் கிதார் கலைஞர் கார்ல் பீட்டர்ஸ் ஆகியோருடன் 'சில்க்' குழுவில் இணைந்தார். பயணப் பெட்டி, தண்ணீர்க் கேன், வாளி என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் மேடையில் வாசிப்பது இவரது வழக்கம். இயந்திரம் தர முடியாதது எது என்பதற்கு அந்த மேடையே பதில்.

மலேசியாவில்

நம் நாட்டிலும் இதே பாதையில் ஒரு முன்னோடி உண்டு. டிரம்ஸ் கலைஞர் லூயிஸ் பிரகாசம் 1979-இல் 'ஏசியாபீட்' குழுவைத் தொடங்கி, ஆசியத் தாளங்களை ஜாஸுடன் இணைத்தார். ஜப்பானிய மூங்கில் குழல் வாசிக்கும் அமெரிக்கர் ஜான் கைசான் நெப்டியூனும் அக்குழுவுடன் வாசித்துள்ளார்.

பிற்காலம்

2008-இல் தொடங்கிய ஐபிஎல் கிரிக்கெட் போட்டிகளில் சென்னை அணிக்காக சிவமணி முழக்கிய டிரம்ஸ், இசை அரங்குக்கே போகாதவர்களையும் எட்டியது. 'அரிமா நம்பி' (2014), 'கணிதன்' (2016) படங்களுக்கு இசையமைத்தார். 2019-இல் இந்திய அரசு பத்மஸ்ரீ விருது வழங்கியது. பெயர் தெரியாமல் வாசிக்கும் தொழிலில் தொடங்கியவரின் பெயரோடு இன்று கருவியின் பெயரும் ஒட்டிக்கொண்டது.